நால்வர் என்று எழுதிக்கொடுத்தேன்

மன்னிக்க வேண்டும், தம்பி. பிறர் தொலைபேசியில் பேசுவதை ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால், இருவர் இருக்கையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும்போது காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? புதிய பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்பியதிலிருந்து பேட்டை தாண்டும்வரை நீங்கள் தரகரிடம் பேசினீர்கள். பாளையங்கோட்டையில் வீடு வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வேண்டும். வாடகை ஒன்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைக்கமாட்டா என்பதை அவர் உங்களுக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டார். போகட்டும். கடைசியாக அவர் ஏதோ கேட்டார். நீங்கள் சற்றே தயங்கினீர்கள். பிறகு, "நாலு பேருதான்" என்றீர்கள். அந்த இடத்தில்தான் எனக்குத் திக்கென்றது.

நான் தென்காசிவரை வரவில்லை. ஆலங்குளத்துக்கு அப்பால், கிளைச்சாலை பிரிகிற ஒரு விலக்கில் இறங்க வேண்டும். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். என் பேச்சு ஏட்டில் எழுதியதுபோல் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் பத்திரம் எழுதியவன்; வாயும் கையும் ஒரே வழியில் பழகிவிட்டன. பெயர் சிவசைலநாதன். ஊர் களக்காடு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த அறை. நான் எழுதிய பத்திரம் ஒன்றுகூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் இது உங்களுக்குத் தேவைப்படும்.

என் மூத்த மகள் பூரணி பத்தாம் வகுப்பில் நானூற்று எண்பத்தேழு எடுத்தாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம், அவளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. அங்கே படித்த பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரியாமலா வீடு தேடுகிறீர்கள்? ஆனால் மாலை ஆறரைவரை சிறப்பு வகுப்பு. விடுதி கிடையாது. களக்காட்டுக்கு அவள் திரும்பி வந்து சேர ஒன்பதாகும். தலைமையாசிரியை பணிவாகத்தான் சொன்னார்: "சார், தூரத்துப் பிள்ளைங்கள நாங்க எடுக்கிறதில்ல. மூணு கிலோமீட்டருக்குள்ள விலாசம் காட்டுங்க. ஜூன் பத்துக்குள்ள. இல்லேன்னா அடுத்த பிள்ளைக்குக் குடுத்திருவோம்." வரிசையில் அடுத்த பெண்ணின் தந்தை அதே அறையில் என் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வரும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தீய மனிதர் அல்லர். என் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்த சிரிப்பு அது.

களக்காட்டில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. அப்பா கட்டியது. பள்ளிக் கட்டணத்துக்கும் வாடகை வீட்டு முன்பணத்துக்கும் அதை விற்பது தவிர வேறு வழியில்லை; விற்றுவிட்டேன். மே முப்பதாம் தேதிக்குள் காலி செய்து சாவியை ஒப்படைப்பதாகக் கிரயப் பத்திரத்தில் நானே எழுதிக் கையொப்பமிட்டேன். அதாவது, இருக்கிற வீட்டுக்கு ஒரு கெடு. இல்லாத வீட்டுக்கு ஒரு கெடு. இரண்டுக்கும் நடுவே என் குடும்பம்.

குடும்பம் என்றால் நான், மனைவி கோமு, பூரணி, ஏழாம் வகுப்புப் படிக்கும் இளையவன். பிறகு, அக்கா.

அக்காவின் பெயர் ஆவுடையம்மாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், இப்போது அறுபது. மணமான மறு ஆண்டே கணவனை இழந்து வீட்டுக்குத் திரும்பியவள். ரவிக்கை தைப்பாள். நான் தட்டச்சுப் படித்ததும், பத்திர எழுத்தர் உரிமத்துக்குத் தேர்வு எழுதியதும் அந்தத் தையல் இயந்திரத்தின் உபயத்தில்தான். அதை நான் மறைக்கவில்லை. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். ஆகவே, சட்டப்படி அந்த வீட்டில் அக்காவுக்கும் எனக்கும் சரிபாதி. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பின்னால் சிக்கல் வரக் கூடாதே என்று, அவள் பாதியை எனக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதினேன். நானே எழுதினேன், கூலி இல்லை. அக்கா படித்துப் பார்க்கவில்லை. "எங்க போடணும்ல, சைலம்?" என்று மட்டும் கேட்டாள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து மணிமணியாக இருக்கும். திரும்பி வரும் வழியில் எனக்குக் கரும்புச்சாறு வாங்கித் தந்தாள்.

சரி. வீட்டு வேட்டைக்கு வருகிறேன்.

எனக்கு வாய்த்த தரகர் பீர்முகம்மது. மேலப்பாளையத்துக்காரர். பழைய வண்டி, புதிய கைபேசி. முதல் நாளே என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, பாளையங்கோட்டையில வீடு பாக்கிறதும் பொண்ணு பாக்கிறதும் ஒண்ணு இல்ல. பொண்ணு பாக்கப் போனா நாம பிடிக்கலேன்னு சொல்லலாம். இங்க அவங்கதான் நம்மளச் சொல்லுவாங்க. நீங்க சிரிச்ச முகமா நில்லுங்க, போதும்."

சிரித்த முகமாகவே நின்றேன். முதல் வீட்டில் ஓர் அம்மாள் கம்பிக் கதவைத் திறக்காமலே, "எந்தப் பக்கம்?" என்றார். "களக்காடு" என்றேன். "ஊரக் கேக்கல" என்றார். அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. இருந்தும் மறுபடியும் "களக்காடு" என்றே சொன்னேன். கதவு திறக்கவில்லை. இரண்டாம் வீட்டுக்காரருக்கு, மேலே ஆள் நடக்கிற சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்குமாம். அன்று கோமுவும் பூரணியும் உடன் வந்திருந்தார்கள்; படியிறங்கும்போது கோமு, "அப்ப மேல பல்லிதான் குடியிருக்கணும்" என்றாள். அவர் காதில் விழுந்துவிட்டது. மூன்றாம் வீட்டில் பதினாறாயிரம். நான்காவது, மொட்டை மாடியில் தகரம் வேய்ந்த ஓர் அறை. அதை அவர்கள் வீடு என்றே சொன்னார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றோம். பூரணி, "பரவாயில்லப்பா, நான் பகலெல்லாம் ஸ்கூல்லதான இருப்பேன்" என்றாள். பதினாறு வயதுப் பெண். அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாவது வீடுதான் என் கையை விட்டுப் போன வீடு. எட்டாயிரம். பள்ளிக்கு முக்கால் கிலோமீட்டர். கிழக்குப் பார்த்த வாசல். உரிமையாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "மொத்தம் எத்தன பேரு?" என்றார்.

"ஐவர்."

"அஞ்சா?" அவர் முகம் மாறியது. "தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சார் வருது. நாலு பேருக்கு மேல நம்ம டேங்க் தாங்காது."

ஆறாவது வீட்டிலும் அதே கேள்வி. அந்த அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனார். "அஞ்சாவது ஆள் யாரு? அக்காவா? வயசென்ன? அறுபதா?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனச்சுக்கிடாதீங்க. வாடகைக்கு விட்ட வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, பெறகு அடுத்து எவரும் குடி வரமாட்டாங்க. எங்களுக்கு இத விட்டா வேற வரும்படி இல்ல." அக்காவுக்குச் சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவாள். இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அந்த அம்மாள் அதற்குள் எழுந்துவிட்டார்.

அன்று அக்காவும் எங்களோடு வந்திருந்தாள். கீழே, வேப்பமரத்து நிழலில், தண்ணீர்ப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சன்னல் திறந்திருந்தது. கேட்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. பீர்முகம்மது வண்டியை உதைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இனிமே நாலுன்னு சொல்லுங்க. அக்காவ விருந்தாளிக் கணக்குல சேத்துக்கிடலாம். பாளையங்கோட்டையில பாதி வீட்டுல விருந்தாளிங்க பத்து வருசமா இருக்காங்க."

களக்காட்டுப் பேருந்தில் திரும்பும்போது அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூலைக்கரைப்பட்டி வந்தது. "சைலம், நான் வராம இருந்தா வீடு கெடச்சிரும்லா?" என்றாள்.

இதைக் கவனியுங்கள், தம்பி. சொன்னவள் அவள். நான் அல்லன். நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. மறுத்தும் சொல்லவில்லை என்று கோமு பிற்பாடு குத்திக்காட்டினாள், அது வேறு. முதலில் சொன்னவள் அக்கா.

மே பதினெட்டு. பதினோராவது வீடு. ஜெபமணி சாருடையது. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழே அவரும் அவர் மனைவி எஸ்தர் அம்மாளும். மாடிப் பகுதி எட்டாயிரத்து ஐந்நூறு. பள்ளிக்கூட வாசலுக்கு, என் நடையில், ஏழே நிமிடம். மாமரம் ஒன்று மாடிச் சுவரில் சாய்ந்து நிற்கும். சாதி கேட்கவில்லை. சமையல் கேட்கவில்லை. பூரணியின் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, தேநீரை ஆற்றிக்கொண்டே, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல், "எத்தன பேரு சார் நீங்க?" என்றார்.

"நால்வர்" என்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவர் ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால், வீடு கைநழுவிவிடுமோ என்கிற நடுக்கம் எனக்கு. வாடகை ஒப்பந்தத்தை நானே கூலியின்றி எழுதித் தருகிறேன் என்றேன். அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். உரிமையாளருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஒப்பந்தத்தை நெல்லை மாவட்டத்தில் எவரும் எழுதித் தந்திருக்க முடியாது. பதினான்கு பிரிவுகள். ஒன்பதாவது பிரிவை இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: 'மேற்கண்ட நால்வர் தவிர வேறெவரும், உறவினராயினும், மேற்படி வீட்டில் மூன்று நாள்களுக்கு மேல் தங்கலாகாது, தங்கின் இவ்வொப்பந்தம் அக்கணமே முறிந்ததாகக் கொள்ளப்படும்.' ஜெபமணி சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் இதெல்லாம் கேக்கலயே சார். இவ்வளவு கறாராவா எழுதுவீங்க?"

"எழுத்து என்றால் அதில் காற்று நுழையக் கூடாது" என்றேன். எனக்கு அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நல்ல வேலை செய்த மகிழ்ச்சி.

அக்காவை எங்கே வைப்பது என்கிற கேள்விக்கும் வழி கிடைத்தது. பத்திரம் எழுத வந்த ஒருவர், ஆலங்குளத்துப் பக்கம் ஒரு மகளிர் இல்லம் இருப்பதாகச் சொன்னார். எவரிடமும் ஒரு காசு வாங்குவதில்லை. தூய்மையான இடம். மருத்துவர் வருகிறார். ஒரே ஒரு நிபந்தனை: உறவு என்று எவரும் இல்லாத பெண்களுக்கு மட்டும்.

பூரணி பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை, இரண்டே ஆண்டுகள். அதற்குள் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள், "தையல் மிசின் அங்க இருக்குமால?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். எனக்குத் தெரியாது, ஆனால் பிறகு விசாரித்தேன், இருந்தது. குடும்ப அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்கினேன். இல்லத்தின் படிவத்தை நானே நிரப்பினேன். அடித்தல் திருத்தல் இல்லை. 'நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில் 'எவருமிலர்' என்று எழுதினேன். 'எவருமில்லை' என்றுதான் பலரும் எழுதுவார்கள். எனக்குக் கை வராது. 'கொண்டுவந்து சேர்ப்பவர்' என்ற இடத்தில் என் பெயர், 'உறவு' என்ற இடத்தில் 'அறிமுகமானவர், பத்திர எழுத்தர்.'

அவளைக் கொண்டுபோய் விட்டதும் இதே சாலைதான். இதே பேருந்தாகக்கூட இருக்கலாம். வழி முழுதும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். யார் கேட்டாலும் உறவினர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் பொய்த் தகவல் கொடுத்ததாக என்மேல் வழக்கு வரும், உரிமம் போய்விடும், பூரணியின் படிப்பு நின்றுவிடும். அவள் தலையாட்டினாள். சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "தெரிஞ்சவரு. பத்திரம் எழுதுறவரு" என்றாள். மறுபடியும் சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் முறை நான் கேட்காமலே சொன்னாள்.

மே இருபத்தொன்பதாம் தேதி மாடி வீட்டில் பால் காய்ச்சினோம். எஸ்தர் அம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். தையல் இயந்திரத்தைக் களக்காட்டிலிருந்து ஏற்றிவந்திருந்தோம். விற்கலாம் என்றேன், பூரணி, "தொடக் கூடாது" என்றாள். இன்றுவரை அதன் பலகைமேல்தான் புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள். முதல் நாள் அவள் கேட்டாள்: "அத்தைக்கு எந்த இடம்ப்பா?" பிறகு கேட்கவில்லை. பிறகு அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. காலாண்டுத் தேர்வில் முதல் மதிப்பெண். விடைத்தாளைக் கோமுவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள்.

நான் அடைய நினைத்த எல்லாவற்றையும் அடைந்துவிட்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஏழு நிமிட நடை. எட்டாயிரத்து ஐந்நூறு. நல்ல தண்ணீர். நான் காலையில் களக்காட்டுக்குப் பேருந்து ஏறி, இரவில் திரும்புகிறேன். அது ஒரு பொருட்டில்லை. இருந்தும் சோறு இறங்கவில்லை. வாய்க்கு ருசியில்லை என்றேன். "உங்கக்கா கைப்பக்குவம் எனக்கு வராது" என்றாள் கோமு. அவள் சமையலைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

புரட்டாசி முதல் வாரத்தில் எஸ்தர் அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, முழங்கால் வீங்கிவிட்டது. ஜெபமணி சார் மருந்து வாங்கப் போனால்கூட அந்த அம்மாள் தனியாகக் கிடக்கப் பயப்பட்டார். நாங்கள் எல்லோரும் கீழே போய்ப் பார்த்தோம். எஸ்தர் அம்மாள் கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்களும் வீட்டு வேலையில கெடந்து அலையுறீங்க. ஒங்க வீட்டுல பெரியவங்கன்னு ஒரு பொம்பள ஆளு இருந்திருந்தா எனக்கு எவ்வளவு தெம்பா இருந்திருக்கும். சும்மா பக்கத்துல உக்காந்து பேசினாப் போதும்."

பூரணி கதவோரம் நின்றிருந்தாள். "எங்க அத்தை இருக்காங்க, ஆன்ட்டி" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "ரவிக்கை நல்லாத் தைப்பாங்க. நல்லாப் பேசுவாங்க. ஆலங்குளம் பக்கத்துல யாருமே இல்லாதவங்களோட இருக்காங்க. எங்கப்பா எழுதின ஒம்பதாவது பிரிவுல அவங்களுக்கு இடமில்ல."

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபமணி சார் எழுந்து பீரோவைத் திறந்தார். ஒப்பந்தத்தை எடுத்தார். ஒன்பதாவது பிரிவின் மேல் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன், சார். அஞ்சுன்னு சொல்லியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆறுன்னாலும்தான். இந்த வீட்டுல எங்கம்மா எட்டுப் பிள்ள பெத்தாங்க."

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அடித்தலுக்கு இரு தரப்பாரும் சுருக்கொப்பம் இட வேண்டும்" என்றேன். கோமு முகத்தை மூடிக்கொண்டாள். ஜெபமணி சார் பேனாவை என்னிடம் நீட்டினார். இட்டேன்.

போன வியாழக்கிழமை இல்லத்துக்குப் போனேன். வார்டன் திலகவதி அம்மாள் பதிவேட்டைத் திறந்து, என் கையெழுத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மே மாசம் நீங்க அறிமுகமானவரு. இப்பத் தம்பியா? அடுத்த தடவ யாரா வருவீங்க, சார்?"

உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாததில் தவறில்லை, அவர் இடத்தில் நானிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "எங்க இடத்துல இருந்து ஒரு பொம்பளய யாரோ ஒரு ஆம்பளகூட அனுப்பணும்னா எழுத்து வேணும். அதுவும் எங்க படிவத்துல நீங்களே யாருமில்லேன்னு எழுதியிருக்கீங்க. அழகா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு, "சரி, அவங்களையே கேப்போம்" என்று ஆளனுப்பினார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஒரு விரலில் நூல் சுற்றியிருந்தது. நாலு மாதத்தில் மெலிந்திருந்தாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"ஆவுடையம்மா, இவரு யாரு?" என்றார் வார்டன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சவரு" என்றாள். "பத்திரம் எழுதுறவரு. நல்ல எழுத்து."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள், தம்பி.

என்னைக் காப்பாற்றினாள். வேறு எதற்காக அப்படிச் சொல்லியிருக்கப் போகிறாள்? நான் சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னாள். வழக்கு வரும் என்றேன் அல்லவா, அந்தப் பயம். சிறு வயதிலிருந்தே என் சொல்லைத் தட்டாதவள். கோபமாக இருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும். முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது உண்மை. அந்த அளவு நாடாவில்தான் என் கண் நின்றுவிட்டது. 'நல்ல எழுத்து' என்பதை மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவளாகச் சேர்த்தது. பாராட்டுக்குத்தான் சேர்த்திருப்பாள். ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாராட்டாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து எழுத்துத் தேடினேன். அவள் என் அக்கா என்று சொல்வதற்கு ஒரு காகிதம். குடும்ப அட்டையில் அவள் பெயர் இல்லை; நீக்கியவன் நான். அவளுடைய ஆதாரில் இறந்துபோன கணவர் பெயர் இருக்கிறது. அப்பாவின் வாரிசுச் சான்று, வீட்டை வாங்கியவரிடம் மற்ற ஆவணங்களோடு போய்விட்டது. அவர் இப்போது மும்பையில். தாலுகா அலுவலகத்தில் புதிதாக வாங்க மாதக் கணக்கில் ஆகும். கடைசியில், இருபத்திரண்டு ஆண்டுகள் நான் பிறருக்காக நின்ற வரிசையில் நின்று, மனு போட்டு, ஒரு பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கினேன். இதோ, இந்தப் பையில் இருக்கிறது. இதில் எங்கள் இருவர் நிழற்படமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அவள் அன்று தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். நகலில் அது கறுப்பாகத் தெரிகிறது.

இதை வார்டனிடம் நீட்டினால், அந்தப் படிவத்தில் நான் எழுதியது பொய் என்பதற்கு நானே சான்று கொடுத்தவனாகிறேன். அது எனக்குத் தெரியும். அந்த அம்மாள் விரும்பினால் புகார் கொடுக்கலாம். கொடுக்கட்டும். என் பயம் அதில் இல்லை. இதைப் பார்த்துவிட்டு வார்டன் மறுபடியும் அக்காவைக் கூப்பிடுவார். "இப்ப என்ன சொல்றீங்க, ஆவுடையம்மா?" என்று கேட்பார். அங்கேதான் என் பயம் இருக்கிறது.

ஆலங்குளம் வந்துவிட்டது. எனக்கு ஒரே ஓர் உதவி செய்யுங்கள். கண்ணாடி போட்டிருக்கிறேன், இருந்தும் காலையிலிருந்து எழுத்து கண்ணில் நிற்கவில்லை. முதல் பத்தியை மட்டும் பாருங்கள். 'களக்காடு காலஞ்சென்ற சங்கரலிங்கம் அவர்களின் குமாரர் சிவசைலநாதன் ஆகிய உங்களுக்கு, மேற்படி விலாசத்தில் வசிக்கும் உங்கள் உடன்பிறந்த தமக்கை ஆவுடையம்மாள் ஆகிய நான், முழுமனதுடன் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்.' அப்படித்தானே இருக்கிறது? 'உடன்பிறந்த தமக்கை' என்பது தெளிவாக இருக்கிறதா? நகலில் மை மங்கவில்லையே?

போதும். அதற்குக் கீழே படிக்க வேண்டாம். 'இன்று முதல் எனக்கும் மேற்படி வீட்டுக்கும் யாதொரு பாத்தியமும் சம்பந்தமும் இல்லை' என்று வரும். வழக்கமாக எழுதுவதுதான். எல்லா விடுதலைப் பத்திரங்களிலும் அப்படித்தான் எழுதுவோம். மடித்துக் கொடுங்கள், அந்த மடிப்பிலேயே மடியுங்கள்.

விலக்கு வருகிறது. நடத்துநரிடம் கேட்டேன், திரும்புகிற வண்டி நாலரைக்காம். சன்னல் பக்கம் அவளுக்குப் பிடிக்கும்.

உங்கள் தொலைபேசி அடிக்கிறது. தரகராகத்தான் இருக்கும், எடுங்கள். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொண்டால் நான் இறங்கிக்கொள்வேன். எத்தனை பேர் என்று அவர் இனி உங்களைக் கேட்க மாட்டார், தம்பி. நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.